கங்கம்மாவின் புல்தரையும் அமாவாசைக் கூட்டமும்

எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மைதானத்தை நகராட்சிக்காரர்கள் கம்பி வேலி போட்டு வளைத்தபோது முதலில் கத்தியவள் நான்தான். அப்பளமும் வடாமும் காயப்போட அதை விட்டால் எனக்கு வேறு இடம் கிடையாது. திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோயிலைச் சுற்றியிருக்கிற வீடுகளில் முற்றம் என்று இருப்பது ஒரு பாய் விரிக்கக்கூடக் காணாது. என் அகத்துக்காரர் ராமஸ்வாமி கோயிலில் தீர்த்தக் கைங்கர்யம் செய்கிறவர். சண்டை என்றால் காத தூரம் ஓடுவார். "ஊருக்குப் பூங்கா வரது கோமளம், வந்துட்டுப் போகட்டுமே" என்றார். பூங்காவில் அப்பளம் காயுமா என்று கேட்டேன். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அந்தப் பூங்காவுக்குத் தினக்கூலித் தோட்டக்காரியாக வந்து சேர்ந்தவள்தான் கங்கம்மா. நாற்பது வயசு இருக்கும். ஒல்லியான உடம்பு, ஆனால் தொண்டையைத் திறந்தால் தேரடி வரைக்கும் கேட்கும். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஆந்திரா எல்லையை ஒட்டிய கிராமத்தில் பிறந்தவள், அதனால் கோபம் வந்தால் பாதித் தமிழ் பாதித் தெலுங்கு. புருஷன் செங்கல் சூளையில் வேலை பார்த்து, ஒரு விஷக்காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. செவ்வாப்பேட்டையில் தம்பி குப்புராஜ் வீட்டில் இருந்துகொண்டு, காலைப் பாசஞ்சரில் வந்து சாயங்காலப் பாசஞ்சரில் திரும்புவாள்.

வேலி போட்டால் என்ன, சிமெண்டு பெஞ்சு போட்டிருக்கிறார்களே என்று நான் ஒரு நாள் அப்பளத் தட்டோடு உள்ளே போனேன்.

"மாமி, இது பார்க்கு. அப்பளம் காயப்போடற எடம் இல்ல."

"உன் பார்க்கு வரதுக்கு முன்னாலேருந்து என் அப்பளம் இங்கதான்டி காயறது!"

"அப்போ புல்லு இல்ல. இப்போ புல்லு கீது."

புல்லாம் புல்! அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டிக்கொண்டிருந்த அருகம்புல்லுக்கு இந்த வாயா என்று எனக்கு ஆத்திரம். பெஞ்சின் மேல் தட்டை வைத்துவிட்டு விருட்டென்று வந்துவிட்டேன். மத்தியானம் கண் அசந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தால், கங்கம்மா என் தட்டை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு மரத்தடியில் நனைந்தபடி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு அப்பளம்கூட நமுக்கவில்லை. அதற்கப்புறம் அவளோடு எங்கே சண்டை போடுவது? காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்படித்தான் பேச்சு வளர்ந்தது. பூங்காவின் மூலையில் காவலாளுக்கென்று தகரக் கூரை போட்டு ஒரே ஒரு அறை கட்டியிருந்தார்கள். அதில் குடியிருக்க ஆள் இல்லை, இரண்டு மண்வெட்டி மட்டும் கிடந்தது. கங்கம்மா தினமும் அதைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வாசலில் கோலம் போடுவாள்.

"யாருமே இல்லாத ரூமுக்கு எதுக்குடி கோலம்?"

"வரப்போறவளுக்கு, மாமி."

"யாரு வரப்போறவ?"

"நான்தான்!" என்று சிரித்தாள்.

சிரித்தாளே தவிர, விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. அவளுடைய சிநேகிதி ஞானம்மா ஒரு நாள் ஊரிலிருந்து ரயிலேறி அவளைப் பார்க்க வந்திருக்கிறாள். சின்ன வயதில் ஒரே வாய்க்காலில் விளையாடினவர்கள். வந்தவளை வாசற்படியிலேயே மறித்துக்கொண்டு நின்றாள் குப்புராஜின் பெண்டாட்டி. உள்ளே வா என்று ஒரு சொல் வரவில்லை. கங்கம்மா என்ன செய்வாள்? சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு போய் செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்த்தி வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த ரயிலில் ஏற்றி அனுப்பியிருக்கிறாள்.

"தம்பி ஊடு, மாமி. அவ ஊடு. நான் வான்னு கூப்ட முடியல. கையால ஒரு சோறு போட முடியல. ஞானம்மா ஒண்ணும் சொல்லல, ஆனா எனக்கு உசுரே போயிடுச்சி." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது.

இதில் இன்னொரு பேஜாரும் சேர்ந்துகொண்டது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் குப்புராஜுக்கு வேலை கிடைத்துவிட்டது. பங்குனி கழிந்ததும் குடும்பத்தோடு அங்கே போவதாக ஏற்பாடு. கங்கம்மாவும் கூடவே வந்து சமைத்துப் போட்டுக்கொண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தம்பி பெண்டாட்டி முடிவு கட்டிவிட்டாள். சம்பளமில்லாத வேலைக்காரி, லேசில் விடுவாளா? கங்கம்மாவுக்கு இருந்த ஒரே வழி அந்தத் தகரக் கூரை அறைதான்.

அதற்கு ஒரு வழியும் பிறந்தது. பூங்காவுக்குப் பொறுப்பான சானிடரி இன்ஸ்பெக்டர் அனந்தபத்மநாபன் என் காதுபடவே அவளிடம் சொன்னார்: "தை அமாவாசை முடிஞ்சு கலெக்டர் வந்து பூங்காவைத் திறக்கறார். அன்னிக்குப் புல் பச்சைப்பசேல்னு இருக்கணும். இருந்துதுன்னா உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதறேன். அந்த ரூமும் உனக்குத்தான்." மனுஷர் கெட்டவரில்லை. மேலே இருப்பவர்களைக் கண்டால் மட்டும் தொடை நடுங்கும்.

அன்றிலிருந்து கங்கம்மாவைப் பிடிக்க முடியவில்லை. அருகம்புல்லை ஒவ்வொரு கணுவாகக் கிள்ளி வரிசை வரிசையாக நட்டாள். பூங்கா நடுவில், வாசலிலிருந்து வரும் செங்கல் பாதை முடிகிற இடத்தில், வட்டமாக ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. இறங்க இரண்டு படி, நடுவில் ஒரு அல்லிக்கொடி. காலையில் குழாயில் தண்ணீர் வருகிறபோது தொட்டியை நிரப்பி, அதிலிருந்து பூவாளியில் மொண்டு மொண்டு ஊற்றுவாள். வெள்ளிக்கிழமை தொட்டியைச் சுற்றிக் கோலம் போட்டு ஒரு அகல் விளக்கும் ஏற்றி வைப்பாள். தை பிறந்தபோது அந்தத் தரையைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. காலை வைக்கத்தான் விடமாட்டாள்.

எங்கள் ஊர் அமாவாசையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். அமாவாசைக்கு முதல் நாளே சுற்றுப்பட்ட கிராமமெல்லாம் திருவள்ளூருக்குக் கிளம்பிவிடும். ராத்திரி தங்கி, விடியலில் குளத்தில் முழுகி, பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்புவார்கள். உடம்பில் மரு, பாலுண்ணி, தீராத வியாதி என்று இருந்தால் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள், உப்பும் மிளகும் போடுவார்கள். தை அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். இத்தனை ஜனமும் இத்தனை காலமாக வண்டியை அவிழ்த்துப் போட்டுப் படுத்தது எங்கள் வீட்டு எதிர் மைதானத்தில்தான். இப்போது அது பூங்கா. அமாவாசைக்குக் கதவு பூட்டியிருக்க வேண்டும் என்று உத்தரவு. சாவி கங்கம்மா இடுப்பில்.

முதல் நாள் விளக்கு வைக்கிற நேரம். பொதட்டூர்பேட்டைப் பக்கத்து வண்டிகள் வரிசையாக வந்தன. வருஷா வருஷம் வந்து பழகின மாடுகள் வேலிக்கு முன்னால் தாமாகவே நின்றுவிட்டன. எத்தனை அதட்டியும் நகரவில்லை. அங்கேதான் அவிழ்ப்பார்கள் என்று அவற்றுக்குத் தெரியும், உத்தரவு தெரியுமா? பின்னால் வந்த வண்டிகளும் நின்று, தெரு முழுக்க அடைத்துக்கொண்டது.

"யக்கா, கதவத் தொறக்கா. மாடு களைச்சிப் போச்சி" என்று கேட்டார் முன்வண்டிக்காரர். அப்பாவு என்று பெயர். வண்டிக்குள் அவர் பெண்டாட்டி சின்னப்பொண்ணு.

"ஆர்டர் இல்ல, நைனா. வேற எடம் பாரு."

"வேற எடம் எங்க கீது?"

அது அவளுக்கும் தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு லாரிக்காரன் அந்த நெரிசலில் புகுந்து போகப் பார்த்தான். கடைசி வண்டியின் சக்கரத்தை உரசிவிட்டான். மாடு மிரண்டு குதிக்க, வண்டி சாக்கடைப் பக்கம் சாய, உள்ளே இருந்த பெண்கள் வீறிட்டார்கள். பெருமாள் புண்ணியம், யாருக்கும் அடியில்லை. ஆனால் கங்கம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. சாவியை எடுத்தாள், கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள்.

"வாங்க, வந்து தொலைங்க! ஆனா சொல்லிட்டேன். புல்லு மேல எவன் காலாவது பட்ச்சி, அந்தக் காலை ஒடச்சி அடுப்புல வெச்சிடுவேன்!"

அந்தக் குரலுக்குப் பயந்தார்களோ, அந்த மனசுக்குக் கட்டுப்பட்டார்களோ, அத்தனை கூட்டமும் வேலியோரமாகவே ஒண்டிக்கொண்டது. மாடுகளை முகம் வெளியே பார்க்கக் கட்டினார்கள். கங்கம்மா தென்னந்துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். விடிந்து, குளத்துக்குப் போய், திரும்பி வந்து வண்டி பூட்டிக் கிளம்பிய வரைக்கும் புல்லில் ஒரு கால் படவில்லை. அமாவாசைத் தர்ப்பணத்துக்கு வந்தவர்களுக்குச் சமைத்து முடித்துவிட்டு நான் போய்ப் பார்த்தபோது, அவள் புல்தரையின் விளிம்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மாமி, ஒரு புல்லு மடங்கல! பாத்தீங்களா?"

பார்த்தேன். வாஸ்தவம்தான். இனி அந்த அறை அவளுக்குத்தான் என்று நானும் நம்பினேன்.

இரண்டு மூன்று நாளில் புல் நுனி பழுக்க ஆரம்பித்தது. வெயில் என்றாள். இன்னும் இரண்டு பூவாளி கூடுதலாக ஊற்றினாள். மறுநாள் இன்னும் மஞ்சள். கண்ணேறு என்றாள், பூசணிக்காய் உடைத்தாள், அதற்கும் மேலே தண்ணீர் ஊற்றினாள். ஊற்ற ஊற்றப் புல் கருகிக்கொண்டே போயிற்று. ஒரு காலை காபியோடு போனபோது, அவள் ஈர்க்குச்சியை வைத்துப் பூவாளியின் துளைகளைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"என்னடி அடைச்சிண்டிருக்கு?"

"இன்னாவோ கொட்ட, மாமி. மரத்துலேருந்து வுழுது போல. தெனம் அடைச்சிக்கினே கீது."

உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன். கல்யாணம் ஆன நாள் முதல் தீர்த்தக்காரர் வீட்டில் இருப்பவள் நான், எனக்குத் தெரியாதா? ஊறிப் பருத்த மிளகு. எங்கள் ஊரில் தண்ணீரில் மிளகு கிடந்தால் கூடவே என்ன விழுந்திருக்கும்? தொட்டிக்கு ஓடிப்போய் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தேன். ஒரே கரிப்பு.

படி, கோலம், அகல் விளக்கு எல்லாம் இருந்த தொட்டியைப் பார்த்து, பெருமாளின் இன்னொரு குளம் என்று நினைத்துவிட்டார்கள்! ஒருத்தர் போட்டதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அத்தனை பேரும். கங்கம்மா துடைப்பத்தோடு புல்லைக் காத்துக்கொண்டிருந்தபோது, அவள் முதுகுக்குப் பின்னால் பொட்டலம் பொட்டலமாக உப்பு விழுந்திருக்கிறது. ஒரு வாரமாக அதை அவள் கையாலேயே மொண்டு புல்லுக்கு ஊற்றியிருக்கிறாள்.

நான் சொன்னதும் அவளும் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "தண்ணி குடு தண்ணி குடுன்னு வாடிக்கினு கெடந்துச்சே மாமி... நானே வெசத்த ஊத்திக்கினு இருந்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் லேசில் அழுகிறவள் இல்லை. அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

தொட்டியை இறைத்துக் கழுவினோம். கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். செத்த புல் எழுந்திருக்கவில்லை. கலெக்டர் வந்தார், நாடாவை வெட்டினார், "இது என்ன, வைக்கோல் பரப்பியிருக்கா?" என்று ஒரு கேள்வி கேட்டார். அனந்தபத்மநாபனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. கார் போனதும் கங்கம்மாவைக் கூப்பிட்டுக் கதவை யார் திறந்தது என்றார்.

"நான்தான் தொறந்தேன், சார். ரோட்டுல வண்டி கவுர்றதப் பாத்துக்கினு, சாவிய இடுப்புல சொருவிக்கினு நிக்கச் சொல்றீங்களா?"

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆர்டர்னு ஒண்ணு இருக்கே கங்கம்மா. நான் என்னன்னு எழுதறது?" என்றார். இன்னொரு தரம் கதவைத் திறந்தால் தினக்கூலியும் போய்விடும் என்றும் சொன்னார். காலியாகக் கிடந்த அறையில் ப்ளீச்சிங் பவுடர் டிரம்களை இறக்கினார்கள். அன்றோடு அந்த வாசலில் கோலம் நின்றது.

மாசி அமாவாசைக்கு முதல் நாள் அப்பாவு வண்டி மறுபடியும் வந்து நின்றது. சின்னப்பொண்ணு முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கழுத்தைக் காட்டினாள். "யக்கா! கழுத்துல மரு இருந்திச்சே, அத்தினியும் உதுந்திடுச்சி! ஒங்க சின்னக் குளத்துலதான் மொத மொத நான் உப்பு போட்டேன்!"

கங்கம்மா உலர்ந்த புல்லை ஒரு கொத்தாகப் பிடுங்கி வேலிக்கு வெளியே வீசினாள். "உன் மருவோட என் புல்லும் உதுந்திடுச்சிடி! குளமாம் குளம்! அது செடிக்கு ஊத்தற தொட்டி! எனக்குன்னு ஒரு ஊடு வரவேண்டியது, அதுல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!" அப்புறம் தெலுங்கில் வந்ததையெல்லாம் நான் எழுத முடியாது. தொண்டை கட்டுகிற வரைக்கும் திட்டினாள். கலெக்டர், நிரந்தரம், தகரக் கூரை அறை, தம்பி வீடு, எல்லாவற்றையும் சொல்லித் திட்டினாள். சின்னப்பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்பாவு அந்த உலர்ந்த புல்லைப் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டு வண்டியைத் திருப்பினார்.

பங்குனி வந்தது. செவ்வாப்பேட்டையில் தம்பி பெண்டாட்டி பாத்திரம் பண்டமெல்லாம் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். கங்கம்மா என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். அமாவாசைக்கு முதல் நாள் மத்தியானம், வழக்கத்தை விடச் சீக்கிரமாகவே வண்டிச் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தேன். பொதட்டூர்பேட்டை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வண்டிக்குள் ஆட்கள் இல்லை, ஆட்கள் கூடவே நடந்து வருகிறார்கள். வண்டி நிறைய ஈரச்சாக்கு. சாக்குக்குள் வரப்பிலிருந்து மண்ணோடு வெட்டி எடுத்த அருகம்புல், பாளம் பாளமாக.

"எங்க வரப்பெல்லாம் மொட்டையா நிக்குது, யக்கா" என்றார் அப்பாவு. "கதவத் தொற. நாங்களே பதிச்சிட்டுப் போறோம்."

கங்கம்மா சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திறந்தால் வேலை போய்விடும். திறக்காவிட்டால் அந்தப் புல் வெயிலில் செத்துப்போகும். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நகராட்சி ஆபீஸ் படியேறினேன். அனந்தபத்மநாபன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"மாமி, நீங்க எதுக்கு இங்க?"

"வந்து பாரும். ஊருக்குப் புல் தானம் பண்ண வந்தவாளை ரோட்டுல நிறுத்தி வெச்சிருக்கோம். நீர் வரீரா, இல்லே நான் சேர்மன் ரூமுக்குப் போகட்டுமா?"

போக வேண்டியிருக்கவில்லை. என் குரல் கேட்டுச் சேர்மனே வெளியே வந்துவிட்டார். இரண்டு பேரும் வந்து வண்டி வரிசையைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். பஸ் ஒன்று பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"யார் உங்களைக் கொண்டுவரச் சொன்னது?" என்று சேர்மன் கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லலீங்க. நாங்க போட்ட உப்பு, நாங்கதான எடுக்கணும்?" என்றார் அப்பாவு.

சேர்மன் கங்கம்மாவைப் பார்த்தார். "ஏம்மா இன்னும் பூட்டி வெச்சிருக்கே?"

"தொறந்தா வேல பூடும்னு சொன்னாங்க, சார்."

சேர்மன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் வானத்தைப் பார்த்தார். "தொற, தொற!" என்றார் சேர்மன்.

அன்று சாயங்காலம் வரைக்கும் நடந்ததைப் பார்க்கக் கண் வேண்டும். ஆண்கள் உப்பேறின மேல்மண்ணைச் சுரண்டி வண்டியில் அள்ள, பெண்கள் பாளம் பாளமாகப் புல்லைப் பதிக்க, கிணற்றிலிருந்து குடம் கைமாறிக்கொண்டே வந்தது. கங்கம்மா நடுவில் நின்று எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தாள். ஏச்சு வாங்கினவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு நாலு குடம் சுமந்தேன். ராமஸ்வாமி பார்த்துவிட்டு வழக்கம்போல் குடையோடு நழுவப் பார்த்தார். அவர் கையிலும் ஒரு குடத்தைக் கொடுத்தேன்.

அடுத்த கூட்டத்தில் நகராட்சி ஒரு தீர்மானம் போட்டது. அமாவாசைக்கு முதல் நாள் பூங்கா திறந்திருக்க வேண்டும், வண்டிகள் வேலியோரம் நிற்கலாம், தொட்டியில் எதையும் போடக்கூடாது. இதற்கு ஒரு போர்டு எழுதி வைக்கலாமா என்று பேச்சு வந்ததாம். அனந்தபத்மநாபன் அன்றைக்குத்தான் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னார். "போர்டை யார் சார் படிக்கப் போறா? அந்தம்மா அங்கேயே குடியிருந்தா போதும்." சொன்னபடியே எழுதியும் கொடுத்தார். ப்ளீச்சிங் டிரம்கள் வெளியே போயின. குப்புராஜ் குடும்பம் கும்மிடிப்பூண்டிக்கு ரயிலேறின அன்றே, கங்கம்மா ஒரு தகரப் பெட்டியும் ஒரு பித்தளைக் குடமுமாகத் திருவள்ளூரில் வந்து இறங்கினாள். தம்பி பெண்டாட்டி மூன்று மாதம் பேசவில்லை. அதற்காகக் கங்கம்மா ஒன்றும் இளைத்துவிடவில்லை.

சித்திரை அமாவாசை அன்று விடியலில் வாசல் தெளிக்க வெளியே வந்தேன். பூங்கா வேலியோரம் வண்டிகள். வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பிடி அருகம்புல் கொண்டுவந்து தொட்டியோரம் குவித்திருந்தார்கள். பொதட்டூர்பேட்டைக்காரர்களைப் பார்த்து மற்றவர்களும் அப்படித்தான் செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அது நடக்கிறது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

என் கண் அந்த அறைப் பக்கம் போனது. வாசலில் பெரிய கோலம். ஆனால் கங்கம்மா வெளியே சிமெண்டு பெஞ்சில் சேலையைப் போர்த்திக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். அறைக்குள் எட்டிப் பார்த்தால் கைக்குழந்தைக்காரிகளும் சின்னப்பொண்ணும் இன்னும் யார் யாரோ வரிசையாகப் படுத்திருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்!

"ஏண்டி! இந்த ரூமுக்கு எவ்வளவு அழுதே? அமாவாசை வந்ததும் வராததுமா ஊராரைப் படுக்க வெச்சுட்டு வெளியிலே கிடக்கறியே, உனக்கென்ன பைத்தியமா?"

அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்து உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க, மாமி. ஞானம்மா உள்ள தூங்கினு கீறா. ரயிலேறி ராத்திரிதான் வந்தா." அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "வாசல்லயே நின்னுக்கினு இருந்தா. உள்ள வான்னு நான் கூப்ட்டேன், மாமி."

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஞானம்மாவுக்கும் சேர்த்துக் காபி போட உள்ளே போனேன்.